தூங்கும் நேரத்துக்குக் காசு இல்லை

அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் அத்தை. குழந்தைகளுக்கும் அத்தை, குழந்தைகளைக் கொண்டுவந்து விடுகிற அப்பா அம்மாக்களுக்கும் அத்தை, தண்ணீர் கேன் போடுகிறவனுக்கும் அத்தை. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அத்தை என்று ஆன பிறகு கூலி கேட்பது எப்படி? அத்தைகள் பில் போடுவதில்லை. அவள் செய்தது தொழில். அதைத் தொழில் என்று சொல்ல அவளுக்கே எட்டு வருஷமாக வாய் வரவில்லை.

வீட்டின் முன்னறைதான் வேலை செய்யும் இடம். தரையில் ரப்பர் விரிப்பு, சமையலறை வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பிளைவுட் தடுப்பு, பிளக் பாயின்ட் மேலெல்லாம் டேப், சுவரில் சட்டம் போட்ட லைசென்ஸ். ஒரே நேரத்தில் ஐந்து குழந்தைகள், அதற்கு மேல் ஒன்றுகூடக் கூடாது என்று அதில் சீல் குத்தியிருந்தது. காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை அந்த ஐந்தும் அவள் தலையில். பதினொரு மணிக்கே முதுகு வலிக்க ஆரம்பித்துவிடும். மீதி ஏழு மணி நேரமும் வலியோடுதான் வேலை.

கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு நோட்டு தொங்கும். அதில் நாலு கட்டம்: வந்த நேரம், தூங்கிய நேரம், எழுந்த நேரம், போன நேரம். கட்டணம் மணிக்கணக்கு. தூங்கிய நேரம் கழிவு.

ஆமாம், கழிவுதான். யாரும் அவளை மிரட்டி வாங்கிய சலுகை இல்லை. முதன்முதலில் பக்கத்து வீட்டுக்காரி கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போய், சாயங்காலம் பணத்தை நீட்டியபோது இவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "தூங்கின நேரத்தக் கழிச்சுட்டுக் குடும்மா. தூங்குற குழந்தைக்குக் காசு வாங்கினா நல்லாவா இருக்கும்?" என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு வெட்கம் எட்டு வருஷச் சட்டமாகிவிட்டது. வேலை என்றால் ஓடணும், தேய்க்கணும், வியர்க்கணும். உட்கார்ந்திருந்தால் அது வேலையில்லை என்று நம் எல்லோர் மண்டையிலும் ஏற்றி வைத்திருக்கிறார்களே, அந்தப் பாடம்தான்.

உண்மையில் அவளுக்கு ஆகக் கஷ்டமான நேரமே அதுதான். லாண்டரிக்காரரின் கைக்குழந்தை குப்புறத் திரும்பிக்கொள்ளும். நர்ஸின் பையனுக்கு இழுப்பு உண்டு. மூச்சு விசில் மாதிரி வந்தால் உடனே தூக்கி உட்கார வைக்க வேண்டும். மிக்ஸி போட முடியாது, குழாயைத் திறக்க முடியாது, பாத்ரூமுக்கே யோசித்துத்தான் போக வேண்டும். ஐந்து நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருப்பாள். அதற்குச் சம்பளம் பூஜ்யம்.

வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிய மாதம், புருஷன் ஒரு செய்தி கொண்டுவந்தான். அவன் டிப்போவில் பஸ் மெக்கானிக். பக்கத்தில் இருக்கிற கம்பெனி கேன்டீனில் பாத்திரம் தேய்க்க ஆள் கேட்கிறார்களாம்.

"மாசம் பொறந்தா சம்பளம். ஞாயித்துக்கிழமை லீவு. திங்கக்கிழமைக்குள்ள சூப்பர்வைசருக்குப் போன்ல பதில் சொல்லணுமாம்."

"அப்ப இந்தப் புள்ளைங்க?"

"உன் புள்ளைங்களா அது? பாத்திரமாவது அழாது. மூக்கு ஒழுகாது. யோசிச்சுப் பாரு."

அவன் கெட்டவன் இல்லை. இரண்டு பேர் சம்பாதித்தும் ஏன் கடைசி வாரம் கையைப் பிசைய வேண்டியிருக்கிறது என்று அவனுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். அவளுக்கு அந்தக் கேன்டீன் வேண்டாம். இந்த வேலை அவளுக்குத் தெரியும். இதில் அவள் கெட்டி. ஆனால் வாடகைக்கு அது போதாதே.

அந்த வாரத்தில்தான் இரட்டைகளின் விஷயம் வெளியே வந்தது. பேங்க்காரரின் பெண்கள், மூன்று வயது. கொஞ்ச நாளாகவே காலை எட்டரைக்கு வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் விரிப்பில் சாய்ந்துவிடுவார்கள். பதினொன்றரை வரை அடித்துப்போட்ட தூக்கம். அன்றைக்கு எழுந்தவுடன் ஒருத்தியை மடியில் வைத்துத் தலை வாரிக்கொண்டே கேட்டாள்.

"ராத்திரி தூங்கலையா கண்ணு?"

"தூங்கினேன். அப்பா இருட்டுல எழுப்பிட்டாரு."

"இருட்டுலயா? எதுக்கு?"

"இங்க தூங்காத, அத்தை வீட்ல போய்த் தூங்குன்னு சொன்னாரு. அங்க தூங்கினா ஃப்ரீ."

சீப்பு அப்படியே நின்றது. அவளுக்குக் கோபம்கூட உடனே வரவில்லை. அலுப்புதான் வந்தது. காசை மிச்சம் பிடிக்கக் குழந்தையைத் தூக்கத்திலிருந்து எழுப்புகிற அளவுக்கு ஒரு கட்டணமா? அதை எழுதி ஆணியில் மாட்டியது அவள் கைதானே.

சாயங்காலம் விசிலிடம் போனாள். விசில் இரண்டு தெரு தள்ளி இதே வேலை செய்கிறவள். பூங்காவில் குழந்தைகளைக் கூப்பிடக் கழுத்தில் விசில் மாட்டியிருப்பாள், அதனால் அந்தப் பெயர். கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏன்டி, ராத்திரி பேங்க்கப் பூட்டிட்டுப் போறாங்களே, வட்டி தூங்குதா? அந்தாளு உன்னையக் கணக்குல மடக்கிட்டான், நீ தலை வாரிக்கிட்டு உக்காந்திருக்கே!"

"சிரிச்சது போதும். நீ எப்படி வாங்குறே, அதச் சொல்லு."

"நான் நேரத்த விக்கிறதில்ல, இடத்த விக்கிறேன். அஞ்சு இடம். அவங்க புள்ளை தூங்கினாலும், அழுதாலும், பாட்டி வீட்டுக்குப் போனாலும், அந்த இடத்துல வேற புள்ளைய வைக்க முடியுமா உன்னால?"

"முடியாது."

"அப்ப மாசத்துக்கு இவ்ளோன்னு இடத்துக்கு வாங்கு. ஆறு மணிக்கு மேல ஆனா, கால் மணிக்கு இவ்ளோன்னு தனியா வாங்கு. அவ்ளோதான். ரெட்டைப் புள்ளைன்னு தள்ளுபடி கேப்பான், குடுக்காத. ரெண்டு புள்ளை ஒரு பாய்லயா படுக்குது?"

"நர்ஸ் பொண்ணு பாவம். நைட் டியூட்டி முடிஞ்சு அவ தூங்கணும்னு பையன இங்க விடுறா. அவன்தான் நிறையத் தூங்குவான். அவளுக்குத்தான் ரொம்ப ஏறும். அவளுக்கு மட்டும் பழைய கணக்கு..."

"ஒருத்திக்கு விட்டா மத்த மூணு பேரும் வந்து நிப்பாங்க. அப்புறம் கேன்டீன்தான். போய்த் தேய்."

வெள்ளிக்கிழமை, ஒரு இடத்துக்கு நாளைக்கு முழுசாகப் பத்து மணி நேரம் என்று கணக்குப் போட்டு மாசத் தொகை வைத்து, கட்டணத்தாளை ஐந்து பிரதி எழுதினாள்: வீட்டுக்கு ஒன்றாக நாலு, ஆணியில் மாட்ட ஒன்று. ஒவ்வொரு தடவையும் கடைசி வரியில் 'தயவுசெய்து' என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதினாள். ஐந்தாவது தாளில்தான் அந்த வார்த்தை போயிற்று. மற்ற நாலையும் கிழித்துத் திரும்ப எழுதினாள்.

லாண்டரிக்காரர் தாளை வாங்கி முணுமுணுத்தார், சரி என்றார். தையல்காரரின் மனைவி, "எல்லா விலையும்தான் ஏறுது" என்று பெருமூச்சு விட்டு மகளைத் தூக்கிக்கொண்டாள். பேங்க்காரர் நின்று, கண்ணாடியை ஏற்றிவிட்டு, இரண்டு தடவை படித்தார்.

"என்ன அத்தை இது? நீங்க எங்க வீட்டு மனுஷி மாதிரி."

"வீட்டு மனுஷின்னா வாடகையில பாதி குடுங்க."

"அதில்ல. தூங்குற நேரத்துல நீங்க சும்மாதானே உக்காந்திருக்கீங்க?"

"ஒரு நாள் லீவு போட்டுட்டு வந்து நீங்களும் சும்மா உக்காருங்க. மூணு மணி நேரம். கண்ணு அசரக் கூடாது, ஒண்ணுக்குப் போகக் கூடாது. அதுக்கப்புறம் பேசுவோம்."

அவர் இரட்டைக்குத் தள்ளுபடி கேட்டார். இல்லை என்றாள். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

"இங்க வர்றீங்களோ இல்லையோ, புள்ளைங்கள இருட்டுல எழுப்புறத நிறுத்துங்க."

அவர் முகம் சுருங்கிவிட்டது. மகள்களைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். "வீட்ல பேசிட்டுச் சொல்றோம்" என்று கிளம்பினார்.

நர்ஸ் கடைசியாக வந்தாள். பையனை வீட்டில் புருஷனிடம் விட்டுவிட்டு ராத்திரி டியூட்டிக்குப் போகிற அவசரம். யூனிஃபார்ம் பட்டனைப் போட்டுக்கொண்டே படித்தாள். படித்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். அத்தைக்கு வாய்வரை வந்தது: உனக்கு வேண்டாம்மா, நீ பழையபடியே குடு. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குத்தான் அத்தை ரொம்ப ஏறுது."

"தெரியும்மா."

நர்ஸ் தாளை நாலாக மடித்தாள். "வார்டுல பேஷன்ட்டு தூங்கிட்டா எங்களுக்குச் சம்பளத்தப் பிடிக்கிறதில்ல. இத்தன நாளா இது எனக்குத் தோணவே இல்ல பாருங்க." எழுந்து பையனைத் தோளில் போட்டுக்கொண்டாள். "வாரத்துக்கு ஒரு நைட் கூடப் போட்டுக்கறேன். பையன எங்கயும் மாத்த மாட்டேன். அவன் இழுப்பு உங்களுக்குத்தான் தெரியும்."

ஒரு நைட் கூட. அந்தப் பெண்ணின் கண்ணுக்குக் கீழே ஏற்கெனவே கருத்திருந்தது. நியாயமான கூலி கேட்டாலும் அது கடைசியில் இன்னொரு உழைக்கிறவளின் தூக்கத்திலிருந்துதான் வர வேண்டும் என்றால் இது என்ன ஏற்பாடு?

திங்கட்கிழமை இரட்டைகள் வரவில்லை. எட்டரை ஆயிற்று, ஒன்பது ஆயிற்று. ஒன்பதேகாலுக்குப் பேங்க்காரரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி: வேறு ஏற்பாடு செய்துகொண்டோம், நன்றி.

அன்று புருஷனுக்கு மத்தியான ஷிஃப்ட். டீ டம்ளரோடு தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றான்.

"அஞ்சு மூணாச்சு. போனப் போடு கேன்டீனுக்கு."

"இரு." அவள் கைக்குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "முந்தி அஞ்சு புள்ளை, பத்து மணி நேரம். தூக்கம் மூணு கழிஞ்சா ஒரு புள்ளைக்கு ஏழு. மொத்தம் முப்பத்தஞ்சு மணிக் காசு. இப்ப மூணு புள்ளை, பத்துப் பத்து. முப்பது."

"அஞ்சு குறையுதுல்ல?"

"ரெண்டு புள்ளையும்தான் குறையுது. இன்னும் ஒண்ணு வந்தாலே நாப்பது."

அவன் விரல் விட்டு எண்ணினான். மறுபடி எண்ணினான். "எட்டு வருஷமா ரெண்டு புள்ளைய ஓசியிலயா பாத்துக்கிட்டிருந்தே?" என்றான்.

"ரெண்டுக்குக் கொஞ்சம் கம்மி."

அவன் டம்ளரை வைத்துவிட்டுத் தடுப்பைத் தாண்டி வந்து, கைக்குழந்தையை வாங்கிக்கொண்டான். அவள் போனை எடுத்தாள். கேன்டீன் சூப்பர்வைசர் ஒரு பெண்தான். பின்னால் பாத்திரச் சத்தம் காதைப் பிளந்தது.

"வேலைக்கு நான் வரலைங்க மேடம். மன்னிச்சுக்கோங்க. இன்னொரு விஷயம். இங்க என்கிட்ட ரெண்டு இடம் காலியா இருக்கு. உங்க கேன்டீன்ல வேலை பாக்குறவங்க யாருக்காவது சின்னப் புள்ளை இருந்தா சொல்லுங்க. லைசென்ஸ் இருக்கு."

"அட, ரெண்டு பேரு அல்லாடிக்கிட்டு இருக்காங்க. மணிக்கு எவ்வளவு வாங்குறீங்க?"

"மணிக்கணக்கு இல்லைங்க. இடத்துக்குத்தான். மாசம் ஒரே தொகை, முன்பணமா. தாள் அனுப்புறேன், படிச்சுப் பாத்துட்டு அவங்கள வரச் சொல்லுங்க."

"சரி, உங்க பேரு என்னன்னு சொல்லணும்?"

அத்தை என்று சொல்ல வந்தவள் ஒரு நொடி நிறுத்தி, லைசென்ஸில் இருக்கிற முழுப் பெயரைச் சொன்னாள். எழுத்துக்கூட்டி, இரண்டு தடவை.