டோக்கெலாவின் பங்கு

ஜெராக்ஸ் கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது மும்தாஜ் அக்காவின் மகள் போன் செய்தாள். "அம்மா விடியக்காலம் மவுத்தாயிட்டாங்க. ஓனர்ட்ட சொல்லிருங்க." சொன்னேன். "எம்புட்டு புராஜெக்ட் நிக்குது" என்றார் அவர்.

கே.கே. நகரில் பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் பல வீடுகளுக்கு அக்காவின் வேலை தெரியும். நீங்கள் தலைப்பை மட்டும் கொடுத்துவிட்டுப் போவீர்கள். அவர் தேடிப் படித்து, டைப் செய்து, படம் ஒட்டித் தருவார். அட்டையில் உங்கள் பிள்ளையின் பெயர் இருக்கும்.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு நான் இந்தக் கடையில் சேர்ந்த புதிதில், சாப்பாட்டு டப்பாவோடு மாடிப்படியில் தனியாக உட்காருவேன். அப்போது அக்காவுக்கு வந்திருந்த தலைப்பு டோக்கெலாவ். பசிபிக் கடலில் மூன்று பவளத் திட்டுகள். நியூசிலாந்தின் கீழ் இருந்தாலும் ஊர்க் காரியங்களை ஊர்ப் பெரியவர்கள் சபையே பார்க்கிறது. ஆண்டுக்கொரு திட்டின் தலைவர் மூன்றுக்கும் தலைவராகிறார். பிடித்த மீனைக் கரையில் கொட்டி, வீட்டுக்கு வீடு தலை எண்ணிப் பங்கு வைப்பார்களாம்.

"மீன் பிடிச்சவனுக்குன்னு பெரிய பங்கு கெடையாது புள்ள. டப்பாவக் கொண்டா" என்றார்.

அன்றிலிருந்து அக்கா, பைண்டிங் போடும் செல்வி, நான், மூவரும் கொண்டுவந்ததை ஒன்றாகக் கொட்டி நான்காகப் பிரித்தோம். நாலாவது பங்கு ஓனருக்கு.

"அவரு ஒண்ணும் கொண்டாரலயேக்கா" என்றாள் செல்வி.

"தலை இருக்குல்ல. உள்ள என்ன இருக்குன்னு அந்த ஊர்ல கேக்க மாட்டாக."

இறப்பதற்கு முந்தின நாள் அதே தீவு வேறொரு வீட்டிலிருந்து மறுபடி வந்தது. பழையதை எடுத்துக் கொடுக்கும் வழக்கம் அக்காவுக்கு இல்லை. அங்கே விமானம் இறங்க இடமில்லை, பெரிய வைத்தியம் என்றால் கப்பல் ஏறிச் சமோவாவுக்குப் போக வேண்டும் என்று புதிதாக டைப் செய்துகொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி அடுத்த தெருவில்தான்.

"பார்ட்டி நிக்கிறாங்கம்மா. தீவ முடிச்சிட்டுப் போ" என்றார் ஓனர்.

"போங்கக்கா" என்றேன் மெதுவாக.

"போறேன் புள்ள. கப்பல் வரட்டும்." சிரித்தார். இருட்டும்வரை உட்கார்ந்து முடித்துக் கொடுத்தார். வாங்கிப்போன அம்மா, அட்டை நன்றாக வந்திருப்பதாகச் சொன்னார்.

ஓனர் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் வைத்தார். அதில் அக்காவின் பெயரைவிடக் கடையின் பெயர் பெரிது.

இப்போது செல்வியும் நானும் டப்பாக்களைக் கொட்டி இரண்டாகப் பிரிக்கிறோம். நேற்று ஓனர் வந்து நின்றார்.

"எம் பங்கு எங்க?"

அவர் முகத்தைப் பார்த்து நான் அதுவரை பேசியதில்லை.

"கப்பல் இன்னும் வரலண்ணே."

அக்கா இருந்திருந்தால் அவருக்கும் வைத்திருப்பார். அக்காவிடமிருந்து பங்கு பிரிக்கும் பழக்கத்தை எடுத்துக்கொண்டேன். அந்த மனசை எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.