அந்தப் பாஸ்வேர்டை நான் காட்டமாட்டேன்

பிரவுசிங் சென்டர் வெச்சிருக்கிற புண்ணியவான்களே, உங்களுக்குத் தெரியாததா? ஊர்ல பாதிப் பேர் பாஸ்வேர்டு நம்ம கம்ப்யூட்டர்லதான் கிடக்கும். திட்டு மட்டும் முழுசா நமக்கு. மரக்காணம் பஸ் ஸ்டாண்டுகிட்ட நான் வாங்காத திட்டா!

பழசைப் பிடிச்சிக்கிட்டு

மளிகைக்கடை சலீம் பாய், மகனோட விசா பேப்பரை பிரிண்ட் எடுக்க வந்தார். மெயிலைத் திறந்தா, பாஸ்வேர்டு புள்ளி புள்ளியா தானா வந்து நிக்குது. உள்ள போனா தப்புங்குது. மகன் போன வாரம் போன்ல மாத்திட்டான். என் பிரவுசர் பழசையே பிடிச்சிக்கிட்டு நிக்குது. விளக்கிச் சொன்னேன். பாய் என்னைத்தான் முறைச்சார்.

"வீட்ல எல்லாருக்கும் சொன்னான், உன் கம்ப்யூட்டருக்கு மட்டும் சொல்லலியாம்மா?"

டீச்சர் மெயில்

மழை பேஞ்சா உப்பளத்துல வேலை இருக்காது, எல்லாரும் என் கடைக்கு வந்துடுவாங்க. அப்படி வந்த முருகன் தன் மெயிலைத் திறக்கிறேன்னு பிரம்மதேசம் டீச்சர் ஒருத்தங்க மெயிலைத் திறந்துட்டான். நான் பதறிப்போய் மூடினேன். "சேவ் ஆனது எல்லாத்தையும் இன்னிக்கே அழிக்கிறேன் பாரு"ன்னு கத்தினேன். அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அழிச்சிடாதக்கா, என் பாஸ்வேர்டு எனக்கே தெரியாது!"

கண்ணு படம்

காலேஜ் கவுன்சலிங்குக்கு கடைசி நாள். தனசேகர் அண்ணன் காலையிலயே வந்து கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்துட்டார். அவர் பொண்ணு ரேவதி, நம்ம கடையில வந்துதான் விருப்பப் பட்டியல்ல சென்னைக் காலேஜை முதல்ல போட்டிருக்கா. அதை எடுத்துட்டு பக்கத்துக் காலேஜைப் போடணுமாம். பாஸ்வேர்டு கேட்டதுக்கு பொண்ணு தரமாட்டேன்னுட்டாளாம். "இதுலதானே இருக்குது? அந்தக் கண்ணு படத்தை அமுக்கினா தெரியுமாமே"ன்னார்.

எனக்கு சுர்ருனு ஏறிச்சு. "மவுசை வைங்கண்ணே. படிக்கப்போறது அவ, பாஸ்வேர்டும் அவளோடது"ன்னேன். மறந்துட்டேன்னு அமுக்கினா அவர் போனுக்கே ஓடிபி வரும், புதுசா மாத்திக்கலாம். வீட்டுக்கே ஒரே போன் நம்பரைக் கொடுக்கிறதுதானே நம்ம வழக்கம். அது அவருக்குத் தெரியல, நானா சொல்லுவேன்? சேவ் ஆனதுல ரேவதி பாஸ்வேர்டை அவர் கண்ணு முன்னாடியே அழிச்சேன். மனுஷன் எழுந்து நின்னு கத்தினார்.

"என் பொண்ணு விஷயத்துல நாட்டாமை பண்ண நீ யாரு? இனிமே உன் கடைப் படியை மிதிக்கமாட்டேன்!"

காலிப் பெட்டி

மிதிக்கலன்னா போங்கன்னுட்டேன். ஆனா சாயங்காலம் ரேவதி மூச்சிரைக்க ஓடி வந்தப்ப நானே நாற்காலியை இழுத்துப் போட்டேன். பட்டியலை இன்னும் லாக் பண்ணல, பண்ணிட்டாதான் அப்புறம் யாரும் மாத்த முடியாது. பாஸ்வேர்டுப் பெட்டி காலியா நிக்குது. இவ மறந்திருந்தா, அப்பன் போனைக் கேட்டுத்தான் நிக்கணும்.

கீபோர்டைக்கூடப் பார்க்காம அடிச்சா. திறந்துடுச்சு. "எங்கடி எழுதி வெச்சிருந்த?"ன்னேன். "எழுதினா அப்பா படிச்சிடுவாருக்கா, மண்டையிலதான் வெச்சிருக்கேன்"னா. சென்னைக் காலேஜ் முதல்ல இருக்குதான்னு ரெண்டு பேரும் பார்த்தோம். லாக்கை அமுக்கினா. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, சந்தோஷம்தான். அப்புறம்தான் உறைச்சுது: "ஏய், லாக் பண்ணிட்டன்னு மெசேஜ் உங்கப்பா போனுக்குப் போகுமேடி!" அவ பையை மாட்டிக்கிட்டு எழுந்தா.

"போகட்டும்க்கா. படிச்சுத் தெரிஞ்சிக்கட்டும்."

இப்பல்லாம் சேவ் பண்ணட்டுமான்னு பிரவுசர் கேட்டா வேணாம்னு நானே அமுக்கிடுறேன். எனக்கு என் கடைச் சாவி ஒண்ணு போதும் சாமி.