அவள் ஒரு தடவைதான் கேட்டாள்

செய்தி அவளுடைய எண்ணிலிருந்தே வந்தது. கண்டியில் நான் வேலை பார்க்கும் ஹோட்டலின் முன்புறத் தோட்டத்தில், செடிவேலி வெட்டுகிறவர்களுக்கு உயரம் காட்டிக்கொண்டு நின்றேன். போன் திரையில் 'ராணி' என்று விழுந்ததும் எனக்குள் ஓர் அற்ப சந்தோஷம். பதினொரு நாளுக்கு முன்பு அவள் என்னிடம் ஒன்று கேட்டிருந்தாள்: கெலிஓயா நர்சரியில் தன்னுடைய முகாமையாளர் வேலையை நான் ஏற்றுக்கொள்வேனா என்று. நான் பதில் சொல்லவில்லை. இப்போது மறுபடியும் கேட்கப்போகிறாள், கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று நாலைந்து முறை அடிக்கவிட்டுத்தான் எடுத்தேன். பேசியது அவளுடைய கணவர். "கலா, ராணி நம்மள விட்டுட்டுப் போயிருச்சு" என்றார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அச்சிடும் நினைவு மலரில் எழுதித் தரும்படி நர்சரித் தொழிலாளர்கள் கேட்டார்கள். அவளோடு பயிற்சி பெற்றவர்களில் கண்டிப் பக்கம் மிஞ்சியிருப்பது நான் ஒருத்திதான் என்பதால் கேட்டிருப்பார்கள். மற்றவர்கள் எல்லோரும் 'அவர்' என்று எழுதுவார்கள். எனக்கு அவள் என்றைக்கும் 'அவள்'தான். நல்லதாக நாலு வார்த்தை எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் எனக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது பொறாமை, அதுவும் முழுக்க என் பக்கத்தில் இருந்தது. அதை விட்டுவிட்டு எழுதினால் வேறு யாரையோ பற்றி எழுதியதாகிவிடும்.

பதினாலு வருடத்துக்கு முன்பு அந்தக் கெலிஓயா நர்சரியில், பூங்கனியியல் முகாமைத்துவப் பயிற்சிக்கு எட்டுப் பேரை எடுத்தார்கள். தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளிலிருந்து வந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நான் தெல்தோட்டை, அவள் மடுல்கெல்ல. பயிற்சி முடிவில் ஒருவருக்கு உதவி முகாமையாளர் வேலை என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். செடிகளின் தாவரவியல் பெயர்களை நான் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ராணிக்குப் பாதிதான் தெரியும். தெரியாததைத் தெரியாது என்றே சொல்வாள், அதுவும் தொழிலாளர்கள் முன்னால். "தப்பான பேர எழுதித் தொட்டியில ஒட்டினா அந்தச் செடி சாகுற வரைக்கும் அந்தப் பேரோடதான் நிக்கும் கலா" என்பாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். தெரியாது என்று சொல்லியே நல்ல பெயர் வாங்குகிறாளே என்று.

பத்து மணித் தேநீருக்கு நர்சரியின் மூத்த தொழிலாளி மாரியாயி அக்கா கித்துள் கருப்பட்டி உடைத்துத் தருவார். ராணிக்குப் பெரிய துண்டு போகும். நான் கவனித்திருக்கிறேன். படித்த பெண், கருப்பட்டித் துண்டைப் பார்த்துப் பொருமுவதா என்று கேட்பீர்கள். பொருமினேன்.

ஆளுக்கொரு பசுமைக்கூடமும் ஆறு தொழிலாளர்களும் கொடுத்தார்கள். என் கூடத்தில் ஒரு காய்ந்த இலையைக்கூடக் காண முடியாது. நான் சொல்லாமல் யாரும் தண்ணீர் வால்வைத் தொடக்கூடாது, உரமூட்டையைப் பிரிக்கக்கூடாது. பக்கத்துக் கூடத்தில் ராணி மாரியாயி அக்காவிடம், "நீங்க என்ன நெனக்கிறீங்க?" என்று கேட்டுக்கொண்டு நிற்பாள். ஒருநாள் பொறுக்க முடியாமல், "நீ முகாமையாளரா, இல்ல அவுங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவள் சிரித்தாள். "நான் சொல்றத மட்டும்தான் செய்யணும்னா இந்த ஆறு பேரு எதுக்கு? பன்னெண்டு கைய வாங்கி வச்சிருக்கேன், தலைய மட்டும் வாங்க மாட்டேன்னா எப்புடி?" என்றாள்.

நாலாம் மாதம் ஒரு திங்கட்கிழமை பயிற்சி அதிகாரி என்னைக் கூப்பிட்டு, அன்றைக்கே நுவரெலியாக் கிளைக்குப் போகச் சொன்னார். பத்து நாள். முன்கூட்டிச் சொல்லாததற்கும் காரணம் இருந்தது. நாங்கள் இல்லாதபோது எங்கள் கூடம் எப்படி இருக்கிறது என்பதற்குத்தான் புள்ளி. இது திரும்பி வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். நுவரெலியாவில் மூன்றாம் நாள் சீப்பைத் தேடிக் கைப்பைக்குள் கையை விட்டேன். என் கூடத்துக்குத் தண்ணீர் விடும் பம்ப் அறையின் ஒரே சாவி கையில் தட்டுப்பட்டது.

உடனே போன் பண்ணியிருக்க வேண்டும். பண்ணினால் சாவியைக் கொண்டுவந்தது தெரிந்துவிடும். யாராவது பூட்டை உடைத்திருப்பார்கள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு பேசாமல் இருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் அந்தூரியக் கன்றுகள் எல்லாம் உயிரோடு இருந்தன. நான் சொல்லாமல் எதையும் தொடப் பயந்து என் ஆறு பேரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, ராணி தன் கூடத்திலிருந்து குழாய் இழுத்து, எட்டாத இடத்துக்கு வாளியில் சுமந்து, தன் ஆட்களோடு தினமும் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். சும்மா இருந்திருந்தாலே வேலை அவளுக்குத்தான். என் செடிகளைக் காப்பாற்றினாள், நான் அவளை மன்னிக்கவில்லை. கன்றுகள் செத்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு அவமானமாக இருந்திருக்காது.

அடுத்து அவளை அனுப்பினார்கள். தினமும் காலையில் அவள் கூடத்தை எட்டிப் பார்த்தேன், ஏதாவது கெடாதா என்று. ஐந்தாம் நாள் காற்றில் நிழல்வலை ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது. வெயில் ஏறினால் இலை கருகும். பார்த்தேன், பார்க்காத மாதிரி நடந்துபோனேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் மாரியாயி அக்கா ஏணி மேல் நின்று கட்டிக்கொண்டிருந்தார். யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ராணிக்கு வேலை கிடைத்தது.

எனக்கு ஹோட்டலில் கிடைத்தது. கம்பளையிலிருந்து நான் வேலைக்குப் போகும் கண்டி பஸ் அந்த நர்சரி வாசலைத் தாண்டித்தான் போகும். பதினாலு வருடமாகப் போகும்போது இடது பக்க ஜன்னல், வரும்போது வலது பக்க ஜன்னல். அவள் உதவி முகாமையாளராக இருந்து முகாமையாளர் ஆனது, புதுக் கூடம் கட்டியது, பயிலுநர்களை வரிசையாக நிறுத்திப் பேசுவது எல்லாவற்றையும் பஸ்ஸிலிருந்தே பார்த்து வயிறெரிந்தேன். அவள் நோயில் விழுந்த பிறகும் அது அடங்கவில்லை. பார்க்கப் போன அன்று வீட்டு வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்து, எனக்கு வந்தால் இத்தனை பேர் வருவார்களா என்று நினைத்தவள் நான்.

அன்றுதான் கேட்டாள். "என் எடத்துக்கு வர்றியா கலா? மொதலாளிகிட்ட ஒன் பேரத்தான் சொல்லிருக்கேன்."

"ஏன், வேற ஆளே இல்லியா?"

"எவ்வளவோ பேரு இருக்காங்க. போன மாசம் மூணாம் கூடத்துல என்னா மாத்துனேன்னு அவுங்கள்ல யாருக்குத் தெரியும்?"

"கறுப்பு வலயக் கழட்டிட்டுப் பச்ச போட்டிருக்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் இருமல் வரும்வரை சிரித்தாள். "பாத்தியா? என் நர்சரிய ஒன்னைய மாதிரிக் கண்ணு வச்சுப் பாத்த ஆளு யாரு இருக்கா? அன்னிக்கு வல அவுந்து கெடந்தத நீ பாத்துட்டுப் போனதயும் மாரியாயி அக்கா அப்பவே சொல்லிருச்சு."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "அப்பவே ஏன் என்கிட்ட அதக் கேக்கல?" என்றேன்.

"ஒன் செடிக்கு நான் தண்ணி ஊத்துனது ஒனக்கு எம்புட்டு வலிச்சிருக்குன்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சிச்சு. அதுக்கப்புறம் என்னாத்தக் கேக்குறது?"

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. இரண்டாம் தடவை அவள் என்னைக் கேட்கவேண்டும், கொஞ்சம் கெஞ்சவேண்டும் என்று இருந்தது. ஆயுளில் ஒரு தடவையாவது அவளுக்கு என்னிடம் ஒன்று தேவைப்படட்டும் என்று பதினொரு நாளைக் கடத்தினேன்.

அடக்கம் முடிந்து நாலாம் நாள் நர்சரியில் கூடினோம். இதைப் படிக்கும் உங்களில் பலரும் இருந்தீர்கள். எல்லோரும் பேசி முடித்த பிறகு முதலாளி ஹாஜியார் என்னைத் தனியாக அழைத்துப் போனார். "ராணி மிஸ் ஒங்கட பேரத்தான் சொன்னாங்க. நீங்க ஒண்டும் சொல்லல்ல. வெளிநாட்டுல படிச்ச தம்பி ஒருத்தர் கேட்டுக்கொண்டு ஈக்கிறார். நல்ல கெட்டிக்காரர். திங்கக்கிழமயிலிருந்து அவர அந்தக் கதிரையில இருத்துவமா எண்டு பாக்கிறேன்" என்றார்.

என் வயிறு எரிந்தது. எனக்குப் பழக்கமான எரிச்சல்தான், பதினாலு வருடமாகக் கூடவே இருப்பது. ஆனால் இந்தத் தடவை அது ராணியின் மேல் இல்லை. அவளுடைய கதிரையில், அவள் கட்டிய கூடங்களுக்கு நடுவில், அவளை ஒரு நாளும் பார்த்திராத ஒருவர் போய் உட்காருவதா? அந்த இடத்தில் அவருக்கு என்ன உரிமை இருக்கிறது? அவள்மேல் பொறாமைப்பட்டே வாழ்ந்தவள், முதல் தடவையாக அவளுக்காகப் பொறாமைப்பட்டேன். "அவர வரச் சொல்லாதீங்க ஹாஜியார். நான் வர்றேன்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த மாரியாயி அக்கா நிமிர்ந்து பார்த்தார். அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.

பெரிய குணங்கள் எதையும் அவளிடமிருந்து நான் எடுத்துக்கொள்ளவில்லை. மற்றவர்களைக் கேட்டு நடக்கும் அவளுடைய பழக்கம் எனக்கு வருமா என்பதும் தெரியாது, முயற்சி செய்து பார்ப்பேன். என்னிடம் இருப்பது அந்தப் பொறாமைதான். அந்த நர்சரியில் ஒரு இலை வாடினாலும் இனி அது என் கண்ணில் படும்.

நான் வருகிறேன், ராணி. இரண்டாம் தடவையும் நீ என்னைக் கேட்டிருக்கலாம்.