ஆரத்தித் தம்ளர்

நான் எதையும் சட்டென்று நம்புகிற ஆள் இல்லை. பால்காரர் பால் என்று சொன்னாலும் முகர்ந்துதான் வாங்குவேன். செங்கல்பட்டில் எங்கள் தெருவில் ஒரு வீட்டு மாதா படம் கண்ணீர் விடுகிறது என்று எல்லோரும் ஓடியபோது, கூரை ஒழுகுகிறதா என்று அண்ணாந்து பார்த்தவள் நான் ஒருத்திதான்.

அக்கா இருப்பது மாமல்லபுரம் தாண்டிக் கடலோரக் குப்பத்தில். லேசான பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள். மாத முதல் வெள்ளிக்கு நோயாளிகளுக்கு நன்மை, அதாவது நற்கருணை, கொடுக்க வந்த இளம் ஃபாதர், அவள் 'ஆமென்' சொல்லி நீட்டிய நாவில் அப்பத்தை வைத்தார். இருமல் வந்து அது போர்வையில் விழுந்துவிட்டது. விழுந்த நற்கருணையைத் தண்ணீரில் கரையவிட்டு, பிறகு மண்ணில் ஊற்றுவது எங்கள் சபை வழக்கம். மருமகள் ஒரு எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் இந்துப் பெண். அக்கா மகன் காதலித்துக் கட்டியவள். ஃபாதர் அதில் அப்பத்தை இட்டு மூடி, மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்து, "நாளைக்கு வந்து நானே ஊத்திடறேன்" என்று சொல்லிப் போனார். மறுநாள் பங்குக் கோயிலில் ஒரு சாவு அடக்கம். வர முடியவில்லை.

அதற்கடுத்த நாள் மூடியைத் திறந்தால் அப்பம் சிவந்து கிடந்தது.

தகவல் கேட்டு நான் பஸ் ஏறிப் போய்ச் சேர்வதற்குள் வாசலெல்லாம் செருப்பு. உள்ளே மெழுகுவத்தியும் ஜெபமாலையுமாகக் கூட்டம். அக்கா கட்டிலில் சாய்ந்தபடி மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாள் முதல் மருமகளை 'அந்தப் பொண்ணு' என்றே சொல்லி வந்தவள் அக்கா.

"எம்பொண்ணு குடுத்த தண்ணிலதான்டீ ஆண்டவரு வந்துகீறாரு!"

கேட்க எனக்கு வயிறு குளிர்ந்தது. அப்புறம்தான் ஜன்னலோரம் மாத்திரை அட்டை கண்ணில் பட்டது. பிரிக்காமல் அப்படியே இருந்தது.

"இன்னாக்கா இது?"

"அவரே வூட்டுக்கு வந்துட்டாரு. மாத்திர இன்னாத்துக்கு?"

மருமகள் என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். "சின்னத்தே, அத்த ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தன்னிக்கு அந்தத் தம்ளர்லதான் ஆரத்தி கரைச்சேன். மஞ்சளும் சுண்ணாம்பும். கழுவிட்டுத்தான் வச்சேன், ஆனா..." அவள் கண் நிறைந்துவிட்டது. "சொன்னா மறுபடியும் அந்தப் பொண்ணு ஆயிடுவேன்."

கழுவிய தம்ளரில் இவ்வளவு சிவப்பு நிற்குமா? ஆரத்திதான் என்றால் தண்ணீர் முழுக்கவல்லவா சிவந்திருக்க வேண்டும், அப்பம் மட்டும் ஏன்? எதையும் நம்பாதவள் என்று பேரெடுத்த எனக்கே முழங்கால் மடங்கப் பார்த்தது. உண்மையைச் சொன்னால் இந்தப் பெண்ணின் பிழைப்பு கெடும். சொல்லாவிட்டால் மாத்திரை இல்லாமல் அக்கா போய்ச் சேருவாள். வாயைத் திறக்கவும் பயம், மூடவும் பயம்.

அதற்குள் ஃபாதர் வந்துவிட்டார். தம்ளரை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். "நனைஞ்ச ரொட்டில சிவப்பாப் பூசணம் பிடிக்கிறதும் உண்டு. ஆயர் இல்லத்துக்குச் சொல்லியிருக்கேன், பிஷப் ஆளனுப்பிப் பாப்பாரு. அதுவரைக்கும் யாரும் அற்புதம்னு சொல்லாதீங்க" என்றார். கூட்டத்துக்கு அது பிடிக்கவில்லை.

அக்கா வேறொன்று கேட்டாள். "அப்போ அன்னிக்கு நான் வாங்குனது நன்மையா, இல்லியா ஃபாதர்? நான் முழுங்கவே இல்லியே."

"ஆசையோட நாக்க நீட்டினீங்களேம்மா..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார். அக்காவுக்குப் பிடிபடவில்லை. எனக்கும்தான்.

மருமகள் திடீரென்று கட்டிலருகே வந்து நின்றாள். அக்கா மறுபடி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தே, நீங்க மாத்திர போடணும். அது ஆரத்தி கரைச்ச தம்ளரு. நாந்தான் கரைச்சேன்."

ஜெபமாலைச் சத்தம் நின்றது. அக்கா பிடித்திருந்த கையை விட்டாள். பின்வரிசையில் ஒருத்தி எழுந்து செருப்பைத் தேடப் போனாள். அக்கா தம்ளரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு எடுத்த ஆரத்தி?"

"உங்களுக்குத்தான் அத்தே. நீங்க கண்ண மூடிகினு இருந்தீங்க."

அக்கா மருமகளை நிமிர்ந்து பார்த்து, "மாத்திரையக் குடு" என்றாள்.

மருமகள் அட்டையைப் பிரித்து எடுத்து வந்தாள். அக்கா கையை நீட்டவில்லை. கண்ணை மூடி, "ஆமென்" என்று சொல்லி நாக்கை நீட்டினாள்.

இதையாவது அற்புதம் என்று சொல்லலாமா என்று ஃபாதரைக் கேட்க நினைத்துத் திரும்பினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.