வாடை என்று அவர் சொன்னது

என் சித்தப்பா பாஸ்கர் எங்கே போனாலும் முதலில் காற்றைப் பார்ப்பார். கல்யாண மண்டப வாசலிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் முகத்தை மெல்லத் திருப்பிக்கொண்டே நிற்பார். இரண்டு காதிலும் இரைச்சல் ஒரே அளவாகக் கேட்டால் காற்று நேராக முகத்துக்கு வருகிறது என்று அர்த்தம். இருபத்தாறு வயதுவரை எண்ணூர்க் கடலில் ஃபைபர் படகில் மீன்பிடிக்கப் போனவர். ஒரு புயலில் படகு கல்லில் மோதி உடைந்ததும், எங்கள் குப்பத்துக்கு வடக்கே இருந்த டேங்க் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்தார். கப்பலில் வரும் ரசாயனங்களைத் தேக்கிவைக்கும் இடம் அது. விடியும் நேரத்தில் டேங்க் மேல் ஏறி, டேப்பை உள்ளே இறக்கி, எவ்வளவு நிற்கிறது என்று குறிப்பது அவர் வேலை. பதினான்கு வருடம் அதே ஏணி.

"மேலேர்ந்து பாத்தா சௌக்கத் பாயோட வழுக்க கூட பளபளன்னு தெரியும்" என்று சொல்லிச் சிரிப்பார்.

தண்டையார்பேட்டை சௌக்கத் அலி கீழே வால்வு பார்ப்பவர். ஒப்பந்தத் தொழிலாளிகள் முப்பத்தாறு பேருக்கும் சங்கத் தலைவர். சித்தப்பா ஒருமுறை விழுந்து காலை உடைத்துக்கொண்டபோது, ஆம்புலன்ஸுக்குக் காத்திராமல் தோளில் போட்டுக்கொண்டு மெயின் ரோடுவரை ஓடியவர். முப்பத்தாறு பேரையும் நிரந்தரமாக்கும் ஒப்பந்தம் சித்திரையில் கையெழுத்தாக இருந்தது.

தை மாதத்தில் ஒரு விடியற்காலை குப்பத்தில் கண்ணெரிச்சலும் மூச்சுத் திணறலுமாகப் பதினோரு பேரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். அதில் ஒருத்தி மங்கம்மா அத்தை, சித்தப்பாவின் அக்கா. விசாரணை வந்தது. காற்று அன்று தெற்கிலிருந்து அடித்தது, ஆகவே வாயு எங்களுடையது அல்ல என்றது கம்பெனி. அந்த நேரத்தில் டேங்க் உச்சியில் நின்றவர் சித்தப்பா ஒருவர்தான். அவரிடம் வாக்குமூலம் கேட்டார்கள்.

அவர் சொல்ல, நான் எழுதினேன். குடும்பத்தில் காலேஜ் முடித்தவள் நான் ஒருத்திதான். யாருக்கு மனு என்றாலும் பேனா என் கைக்குத்தான் வரும்.

"அஞ்சு மணிக்கு ஏறுனேன். நல்ல வாடை அடிச்சுகினு இருந்துது. அளவு எட்துட்டு எறங்கிட்டேன்" என்றார்.

'கடுமையான துர்நாற்றம் வீசிக்கொண்டிருந்தது' என்று எழுதினேன். அவர் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். அந்த நம்பிக்கை எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த வாரம் சௌக்கத் அலி வீட்டுக்கே வந்துவிட்டார்.

"சோக்கா சொன்ன மாமு. நாத்தம் வந்துச்சுன்னு ஊருக்கே தெரியும். காத்து எங்கேர்ந்துன்னு வாயத் தொறக்கல பாரு, அங்க நிக்கிற நீ. முப்பத்தாறு வூட்டு அடுப்பு எரியும்."

சித்தப்பா என்னைப் பார்த்தார். பாய் போனதும் எதிர் வாசலிலிருந்து மங்கம்மா அத்தையின் குரல் வந்தது.

"கடல்ல கண்ணு தொறந்தவனுக்குக் காத்து தெரியலியாம். கம்பெனி மாப்ளைக்குக் காது அடச்சிகிச்சி போலக்கீது."

"ஜெயா, இன்னா எழுதுன? படி" என்றார் சித்தப்பா. படித்தேன்.

"நான் வாடைன்னு தானே சொன்னேன்?"

"ஆமா, அதான் நாத்தம்னு..."

"நாத்தத்த நாத்தம்னு சொல்ல எனக்குத் தெரியாதா? வாடைம்மா. வாடக் காத்து."

வடக்கிலிருந்து, கம்பெனி இருக்கும் பக்கமிருந்து வரும் காற்று. பள்ளிக்கூடத்தில் நான்கு காற்றின் பெயர்களையும் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். மீன்காரக் குடும்பத்தில் பிறந்தும் என் காதில் நாற்றம்தான் விழுந்தது. அந்த ஒரு சொல்லில்தான் கம்பெனியின் தலையே இருந்தது.

"நாளைக்கே மாத்தி எழுதிக் குடுத்துடலாம் சித்தப்பா."

"இரு."

இரண்டாவது விசாரணைக்கு நாலு நாள் இருந்தது. நாலு நாளும் 'இரு' என்பதுதான் பதில். வேலைக்குக் குப்பத்து வழியாகப் போகாமல் லாரி ரோட்டைச் சுற்றிப் போனார். சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தபடி, "நான் ஒண்ணும் பொய் சொல்லலியே. நீ எழுதுன, நான் போட்டேன்" என்றார். கேள்வியா சமாதானமா தெரியவில்லை. பிழை என்னுடையது, திருத்தினால் வேலை போவது அவருக்கு. அவர் அப்படியே விட்டுவிட்டால் எனக்கு நிம்மதியாக இருக்குமோ என்று நினைத்ததும் உண்மை. அத்தை கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொள்வதைப் பார்க்கும்போது அந்த நினைப்பு கூசியது.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம், "வண்டிய எடு. பாய்கிட்ட மொதல்ல சொல்லணும்" என்றார். கம்பெனி கேட் எதிரே டீக்கடையில் சௌக்கத் அலி நின்றிருந்தார்.

"பாய், அன்னிக்கி வாடக் காத்து. நாளைக்கி அத சொல்லப்போறேன்."

அவர் டீயை வெகுநேரம் ஊதினார். "எனக்குத் தெரியாதா மாமு? நானும் கீழதானே நின்னேன்."

"அப்ப நீயும் சொல்லு."

"சொல்லிட்டு இவனுங்க மூஞ்சில எப்டி முழிக்கிறது? உனக்கு உன் குப்பம் கீது. எனக்கு இவனுங்கதான் கீறானுங்க."

"எனக்கும் இவனுங்க கீறானுங்க பாய். அதான் பேஜாரு."

டீக்கு அன்று இருவரும் தனித்தனியாகக் காசு கொடுத்தார்கள்.

மறுநாள் விசாரணை அறையில் ஒரு பக்கம் குப்பம், ஒரு பக்கம் சங்கம். சித்தப்பா நடுவில் நின்று, "வாடக் காத்து. வடக்கேர்ந்து" என்றார். முதலில் ஏன் வேறு மாதிரி எழுதினீர்கள் என்று அதிகாரி கேட்டார். சித்தப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "நான் சொன்னது சரியா வெளங்கல சார்" என்றார். நான் எழுந்து, தப்பாக எழுதியது நான்தான் என்றேன். குப்பத்துப் பக்கம் சந்தோஷச் சலசலப்பு. அப்போது ஊர்த் தலைவர் கேட்டார்:

"அப்டியே அதையும் சொல்லிடு பாஸ்கரு. வால்வத் தொறந்து வுட்டவன் யாரு? சௌக்கத்துதானே அன்னிக்கி டூட்டி?"

சித்தப்பாவின் முகம் மெல்லத் திரும்பியது, மூடிய அறையில் காற்று தேடுவதுபோல.

"நான் மேல இருந்தேன். கீழ இன்னா நடந்துச்சுன்னு பாக்கல. பாக்காதத சொல்ல மாட்டேன்."

கம்பெனிக்குச் சீல் வைத்துவிட்டார்கள். சௌக்கத் அலி இப்போது சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் லோடு ஏற்றுகிறார். எதிரில் கண்டால் சாலையைக் கடந்துபோகிறார். சித்தப்பா வேறொருவர் படகில் கூலிக்குப் போகிறார். அவர் பாயைக் காப்பாற்றிவிட்டார் என்று கரையில் பேசுகிறார்கள். அத்தை அவருக்கு மீன்குழம்பு கொடுத்தனுப்புகிறாள். நேரில் பேச இன்னும் மனம் வரவில்லை.

எனக்கு அந்த வழுக்கைதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது. மேலேயிருந்து பளபளவென்று தெரியும் என்றாரே. தை மாதம் ஐந்து மணிக்கு இருட்டுதான், ஆனால் வால்வுகளுக்கு மேலே விளக்கு உண்டு. அன்று கீழே யாரைப் பார்த்தீர்கள் என்று கேட்டால் சொல்லிவிடுவார் என்று தோன்றுகிறது. அதை எழுதும்படி சொன்னாலும் சொல்வார். அதனால்தான் நான் இன்னும் கேட்கவில்லை.