புஷ்கரன் வீட்டு ஆறு கதவுகள்

புஷ்கரன் அந்த வீட்டுக் கதவை முதன்முதலாகக் கழற்றி மாட்டியது கல்யாணமான வருஷம். அதற்கப்புறம் முப்பத்தோரு வருஷத்தில் எத்தனை தடவை கழற்றினான் என்று கேட்டால் அவன் வாயில் கெட்ட வார்த்தைதான் வரும். கேரளத்துக் குட்டநாட்டில் ஆற்றுக்கும், காயலை மறித்து எடுத்த வயலுக்கும் நடுவே, சேற்றைக் குவித்துப் போட்ட வரப்பின்மேல் கட்டின வீடு. வருஷா வருஷம் கொஞ்சம் கீழே இறங்கும். நேராக இறங்கினாலாவது பரவாயில்லை, வயல் பக்கமாகச் சாய்ந்து இறங்கும். சுவர் சாய்ந்தால் நிலை சாயும். நிலை சாய்ந்தால் கதவு மேல் மூலையில் போய் முட்டும், கீழ் மூலையில் பல்லைக் காட்டும்.

முட்டுகிற கதவுக்கு என்ன வைத்தியம் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கீலைக் கழற்றி, தகட்டுக்கு அடியில் தீப்பெட்டி அட்டையை மடித்து வைத்து மறுபடி முடுக்குவான். அடுத்த வருஷம் இன்னொரு அட்டை. ஸ்க்ரூ துளை பெரிதாகிப் பிடிக்காமல் போனால் தீக்குச்சியைப் பசையில் நனைத்து அடித்து ஏற்றுவான். அதற்கும் அடங்காவிட்டால் இழைப்புளி. இழைத்து இழைத்துக் குளியலறைக் கதவு ஒரு சாண் குறைந்துவிட்டது, இனி கதவைத் திறக்காமலே பக்கவாட்டில் உள்ளே போய்விடலாம் என்று படகுத்துறையில் கிண்டல் பண்ணுவார்கள்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், அவன் பிழைப்பே பம்பு ஓட்டுவது. ஐப்பசியில் விதைப்புக்கு முன்னால் வயல் தண்ணீரை ஆற்றுக்கு இறைக்கிற பெட்டிப் பம்பு அவன் பொறுப்பு. தண்ணீர் நிற்கும்வரை வயல் வீட்டைத் தாங்கிப் பிடிக்கும். இறைக்க இறைக்க வீடு அந்தப் பக்கம் சரியும். வீட்டைச் சாய்க்கிறவனும் அவன்தான், கதவை நிமிர்த்துகிறவனும் அவன்தான்.

போன வருஷம் பம்பு ஓடிக்கொண்டிருந்த ஒரு நாள், பெண்டாட்டி அம்புஜம் குளியலறையில் மாட்டிக்கொண்டாள். கதவு இறுகிவிட்டது. கத்தியிருக்கிறாள். பம்புச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? மத்தியானம் சோற்றுக்கு வந்த புஷ்கரன் தோளால் இடித்துத் திறந்தான். ஈரத்துணியோடு சுருண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துச் சிரித்துவிட்டான்.

"என்னடி, அரை நாள் குளிச்சிருக்க. அழுக்கு போச்சா?"

அவள் துணி மாற்றினாள், பையைக் கட்டினாள், சங்கனாச்சேரியில் இருக்கும் மகள் ஷீஜா வீட்டுக்குப் படகு ஏறினாள். படகில் நின்றுகொண்டு சொன்னாள்: "இது வீடில்ல, எலிப்பொறி. இத வித்துட்டு வாங்க. கதவு தொறக்கிற வீட்லதான் இனி நான் படுப்பேன்."

ஒரு வருஷமாகப் புஷ்கரன் தானே மீன் வறுத்துத் தின்றான். கரிந்த மீன். விற்கப் பார்த்தான், எவனும் வாங்கவில்லை. குட்டநாட்டுக்காரன் ஒருத்தன் வீடு பார்க்க வந்தால் சுவரைப் பார்க்கமாட்டான், கூரையைப் பார்க்கமாட்டான். கதவைப் பாதி திறந்து கையை எடுத்துவிடுவான். நின்றால் வீடு நேர். தானாக நகர்ந்தால் வீடு போகிறது என்று அர்த்தம், வந்தவனும் காபி குடிக்காமல் போய்விடுவான். புஷ்கரன் வீட்டில் ஆறு கதவும் விட்டவுடன் வயலைப் பார்த்து நடந்தன.

கடைசியில் தரகு சுகுணன் ஒரு ஆளைப் பிடித்தான். பைலி அச்சாயன், கிறிஸ்தவர், மலைக்காரர், கட்டப்பனைப் பக்கம். தண்ணீர் ஓரமாக வீடு வேண்டுமாம்.

"மலைக்காரனுக்கு என்ன தெரியும்னு நெனைக்காதீங்க சேட்டா," என்றான் சுகுணன். "கதவ விட்டுப் பாக்கணும்னு அவருக்கு எவனோ சொல்லிக்குடுத்திருக்கான்."

"விடட்டும். நிக்கும்."

"உங்க வீட்டுக் கதவா? என்ன சேட்டா, காலையிலயே ஊத்திட்டீங்களா?"

கதவை நிற்க வைக்க ஒரு வழி புஷ்கரனுக்குத் தெரியும், இதுவரை செய்ததில்லை. கீலின் நடு ஆணியை உருவி, படிக்கல்லின்மேல் வைத்துச் சுத்தியலால் நடுவில் ஒரே தட்டு. கண்ணுக்குத் தெரியாத வளைவு விழும். அதை மறுபடி கீலில் அடித்து இறக்கினால் ஆணி உள்ளே கெட்டியாகப் பிடிக்கும். அப்புறம் கதவு விட்ட இடத்தில் நிற்கும். வீடு தலைகீழானாலும் நிற்கும். ஆறு கதவு, கதவுக்கு இரண்டு கீல், பன்னிரண்டு ஆணி. புரட்டாசியில், வயலில் தண்ணீர் நிறைய நிற்கும்போது செய்து முடித்தான். அந்த மாசமே வருகிறேன் என்ற பைலி, வந்தது ஐப்பசி பாதியில். அதற்குள் பம்பு ஓடிப் பதினோரு நாள் ஆகிவிட்டது.

அன்றைக்குக் காலை ஓடுகிற பம்பை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து ஒவ்வொரு கதவாகச் சரிபார்த்தான். ஐந்தும் நின்றன. மிச்சம் உள்ரூம். அந்தக் காலத்தில் நெல் கொட்டிவைத்த அறை. நெல் உள்ளேயிருந்து முட்டும் என்பதால் அதன் கதவு மட்டும் வெளிப்பக்கமாகத் திறக்கும், கீலும் வெளியில்தான் இருக்கும். நல்ல அயினிப் பலகை, இரண்டு விரல் கனம். காற்றுக்கு மேலே ஒரு பொந்து, ஜன்னல் கிடையாது.

கதவு நிலையில் ஒட்டி உட்காருகிறதா என்று உள்ளே நின்று பார்க்கணும். திருப்புளியும் சுத்தியலும் வெளியே படியில் கிடந்தன. உள்ளே போய் இரண்டு கையாலும் கதவை இழுத்தான். கிறீச்சென்று வந்து உட்கார்ந்தது. அருமையாக உட்கார்ந்தது. தள்ளினான், அசையவில்லை.

இன்னொரு தடவை தள்ளினான். தோளைக் கொடுத்தான். மேல் மூலையைத் தடவிப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. பதினோரு நாளில் நிலை அரை விரல் இறங்கிக் கதவின் தலையைக் கவ்விக்கொண்டிருந்தது. பாம்பு தவளையைப் பிடித்த மாதிரி.

உதைத்தான். கால்தான் வலித்தது. அறை நாலடிக்கு ஆறடி. இருட்டில் எலிப் புழுக்கை வாடை, பழைய உமி வாடை. சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. கத்தலாம் என்று வாயைத் திறந்தபோது படகு மோட்டார் துறையில் வந்து நின்றது. திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. இப்போது கத்தினால் பைலிக்குக் கேட்கும். வீட்டுக்காரனையே விழுங்கின வீட்டை எவன் வாங்குவான்?

"புஷ்கரன் சேட்டா! ஏ சேட்டா!" சுகுணன் உள்ளே வந்துவிட்டான்.

"ஆளக் காணோமே," என்றது ஒரு கட்டைக் குரல். பைலி.

"பம்புக்குப் போயிருப்பாரு அச்சாயா. அவருக்கு ஒரு பொண்டாட்டி, ஒரு பம்பு. பொண்டாட்டி போயிட்டா. மிச்சம் அதுதான்."

புஷ்கரன் பல்லைக் கடித்தான். கூடத்து ஜன்னலில் வைத்திருந்த அவன் போன் அடித்தது.

"போன இங்கயே வச்சுட்டுப் போயிட்டாரு. பரவால்ல, நீங்க பாருங்க. கதவ விட்டுப் பாருங்க அச்சாயா, தைரியமா விடுங்க."

ஒரு கதவு கிறீச்சிட்டு நின்றது.

"நிக்குதே!"

"நிக்காம? வீடு மலை மாதிரி நிக்கிது."

"மலையப் பத்தி எங்கிட்டப் பேசாத. எங்க மலை நின்ன லட்சணம் எனக்குத் தெரியும்."

ஒவ்வொரு கதவாக வந்தார்கள். புஷ்கரன் உள்ளே விரலை மடக்கினான். இரண்டு. மூன்று. குளியலறை, நாலு. அடுக்களை, ஐந்து. காலடி அவன் கதவுக்கு முன்னால் நின்றது. யாரோ பிடியைப் பிடித்து இழுத்தார்கள். கதவு முனகக்கூட இல்லை.

"இது என்ன?"

"நெல்லு ரூம். பூட்டியிருப்பாரு."

"பூட்டக் காணோமே."

"உள்ள தாழ்ப்பாள் அச்சாயா."

"உள்ள தாழ்ப்பாள் போட்டுட்டு ஆளு எப்படிடா வெளிய போனான்?"

உள்ளே புஷ்கரன் மூச்சை விடவில்லை.

"அது பழைய காலத்துத் தாழு. அதத் தொறக்க ஒரு வித்தை இருக்கு, அவருக்குத்தான் தெரியும்."

"சரி, வித்தைக்காரன் வரட்டும்," என்று பைலி சிரித்தார். "எனக்குப் பிடிச்சுப்போச்சு சுகுணா. ரெண்டு நாள்ல பேசி முடிச்சிடலாம்னு சொல்லு."

புஷ்கரன் இருட்டில் அப்படியே உட்கார்ந்தான். முடிந்தது. இவர்கள் போகட்டும். அப்புறம் கத்திக்கொள்ளலாம். ஆற்றில் எவனாவது வாத்துக்காரன் போவான், சாயங்காலம் ஆனாலும் சரி. சங்கனாச்சேரியில் ஒரு வாடகை வீடு, இழுத்தால் வருகிற கதவு. அம்புஜம் மீனுக்குக் குடம்புளி போட்டுக் கொதிக்கவிடுகிற வாசனைகூட மூக்கில் வந்தது. வாசலில் இரண்டு பேரும் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது.

அப்போது பம்பின் சத்தம் மாறியது.

வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது தொண்டை அடைத்தவன் மாதிரி இழுத்தது. வாயில் ஆகாயத்தாமரை சிக்கிவிட்டது. கால் மணி நேரம் இப்படி ஓடினால் மோட்டார் கருகும். கருகினால் சரிபண்ண ஒரு மாசம். அத்தனை வயலிலும் விதைப்பு போச்சு, ஊர் முழுக்க அவன் முகத்தில் காறித் துப்பும். இதெல்லாம் அவன் யோசித்தானா என்றால் இல்லை. யோசிக்கிறதுக்கு முன்னால் வாய் கத்திவிட்டது.

"சுகுணா! மோட்டார ஆஃப் பண்ணுடா! வாய் அடைச்சிருக்கு, ஓடுடா!"

வெளியே பைலி "ஈசோயே!" என்றது கேட்டது. சுகுணன் கேள்வி கேட்கவில்லை. வரப்பில் தடதடவென்று ஓடினான். கொஞ்ச நேரத்தில் பம்பு நின்றது. பதினோரு நாளாக ஓடின சத்தம் நின்றதும் காது விண்ணென்றது.

"புஷ்கரனா உள்ள?" கதவுக்கு அந்தப் பக்கம் பைலி.

"ஆமா அச்சாயா."

"எவ்ளோ நேரமா?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடியிலிருந்து."

"அப்ப நாங்க பேசினதெல்லாம்?"

"கேட்டேன்."

பைலி, "கீலு என் பக்கம்தான இருக்கு? ஆணியத் தட்டி உருவிடறேன். இது ஒரு பெரிய விஷயமா?" என்று சுத்தியலை எடுத்தார். டக், டக், டக். மலைக்காரர் அடி, சுவரே அதிர்ந்தது. ஆணி வரவில்லை.

"ஏன்யா இது வரமாட்டேங்குது?"

புஷ்கரன் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டான். "வராது அச்சாயா. நான் வளைச்சு வச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"நீங்க விட்டா நிக்கணும்ல."

அந்தப் பக்கம் சுத்தியலைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. போய்விட்டாரோ என்று நினைத்தான். போயிருந்தாலும் குற்றமில்லை.

"ஆறுலயும் வளைச்சியா?"

"ஆறுலயும்."

"கள்ளப்பயலே," என்றார் பைலி. கோபமாகச் சொன்ன மாதிரி இல்லை. "ரம்பம் எங்க இருக்கு?"

"இரும்பறுக்கிற பிளேடு அடுக்களைப் பலகை மேல. கதவு மூடியிருக்கறதால ஸ்க்ரூவத் தொட முடியாது. ரெண்டு தகடும் கோத்துக்கிற எடத்துல விட்டு அறுங்க. கீலுக்கு ரெண்டு வெட்டு."

அறுக்கிற வேலை லேசில் முடியவில்லை. அந்தப் பக்கம் பைலி மூச்சு வாங்கினார், இந்தப் பக்கம் புஷ்கரன் வியர்த்து ஊற்றினான். நடுவில் பைலி, யாரிடமோ சொல்கிற மாதிரி சொன்னார்: "எங்க வீட்டுக்குப் பின்னாடி மண்ணு சரிஞ்சு வந்துச்சு. சமையல்கட்டு போச்சு. வீட்டுல இருந்த பசுமாடு போச்சு. மழை பேஞ்சா தூக்கம் வராது. சமதரையில வீடு வாங்கிடலாம்னுதான் எறங்கி வந்தேன்."

"இங்க தரையே எறங்குது அச்சாயா."

"அதான் தெரிஞ்சுபோச்சே."

கடைசி வெட்டு விட்டதும் திருப்புளியைக் கீல் பக்கம் கொடுத்து நெம்பினார். கதவு பக்கவாட்டில் பிளந்தது. புஷ்கரன் வெளியே வந்து கூடத்துத் தரையில் உட்கார்ந்தான். சுகுணன் திரும்பி வந்து வாசலிலேயே நின்றான். பார்க்கிற பார்வை கொலைகாரனைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"ரெண்டு நிமிஷம் பொறுத்திருந்தா அவரு படகு ஏறியிருப்பாருய்யா," என்று பல்லுக்கு நடுவில் சொன்னான்.

"பம்பு பொறுக்காதுடா," என்றான் புஷ்கரன்.

பைலி தண்ணீர் வாங்கிக் குடித்தார். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, "வீடு வேணாம் புஷ்கரா," என்றார். "ஆனா நீ கீலு மாட்டறது நல்லா மாட்டற." படகு போய்விட்டது.

புஷ்கரன் பம்புக்குப் போய் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஆகாயத்தாமரையைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கி எறிந்தான். மேலே வந்து சுவிட்சில் கை வைத்தான். போட்டால் வீடு இன்னும் இறங்கும். போடாவிட்டால் ஊருக்குச் சோறில்லை, அவனுக்கும் இல்லை. போட்டான்.

வீட்டுக்கு வந்து போனை எடுத்தால் அம்புஜம் நாலு தடவை கூப்பிட்டிருந்தாள். இவன் கூப்பிட்டான்.

"என்ன சேட்டா, வந்தாங்களா? பிடிச்சிருந்துச்சா?"

"வந்தாங்க. போயிட்டாங்க." கொஞ்சம் நிறுத்தினான். "அம்புஜம், அன்னிக்கு நீ எத்தன மணி நேரம் உள்ள இருந்த?"

அந்தப் பக்கம் பேரப்பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது.

"அஞ்சு மணி நேரம்," என்றாள். "சோப்பு டப்பாவால தட்டினேன். டப்பா ஒடஞ்சதும் கையால தட்டினேன். ஏன், இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா?"

"நான் இன்னிக்கு ஒண்ணரை மணி நேரம் இருந்தேன். நெல்லு ரூம்ல."

"யாராவது பாத்துச் சிரிச்சாங்களா?"

"இல்ல."

"அதிர்ஷ்டந்தான்."

அவள் வைத்துவிடவில்லை. அவனும் வைக்கவில்லை.

"அறுப்பு முடிஞ்சதும் வந்துடறேன்," என்றான் புஷ்கரன். "வித்தாலும் விக்காட்டியும்."

"அறுப்புக்கு இன்னும் நாலு மாசத்துக்கு மேல இருக்கு."

"ஆமா."

"அதுவரைக்கும் ஒத்தையில இருந்து நாளைக்கும் மாட்டிக்கிட்டா?"

அவன் போனை ஜன்னலில் வைத்துவிட்டுத் திருப்புளியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனான். கதவைத் திறந்து வைத்து, கீழ்க் கீல், மேல் கீல் என்று எல்லா ஸ்க்ரூவையும் கழற்றினான். கதவு தோளில் சாய்ந்தது. தூக்கிப் போய்ச் சுவரோரம் சாத்தினான். கீலுக்கு அடியிலிருந்து அட்டை கொத்தாக விழுந்தது. குனிந்து பொறுக்கினான். ஏழு தீப்பெட்டி அட்டை, ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக் கல் மாதிரி ஆகியிருந்தது. அடியில் இருந்த அட்டையில் படம் அழிந்துபோயிருந்தது.

அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அடுத்த கதவுக்குப் போனான். வயல் பக்கம் பம்பு சீராக ஓடிக்கொண்டிருந்தது.