முப்பத்தோராவது தட்டு

வலக்கையை முழங்கைவரை போறணை அடுப்பின் வாய்க்குள் நீட்டிவிட்டுப் பஞ்சலிங்கம் வாய்விட்டுப் பெயர் சொல்லத் தொடங்குவார். சாமி பெயர்கள் அல்ல. அச்சுவேலியில் கல்வீடு கட்டி ஓடு போட்டவர்களின் பெயர்கள். "சந்தை மூலை மலாயாக்காரர்... சுருட்டுக் கொட்டில்காரர்... பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார்..." ஆறாவது வீட்டில் கை சுட்டு இழுத்தாரானால் பாண் ரொட்டிக்கு அளவான சூடு. பதினோராவது வீடுவரை தாங்கினால் கேக் சூடு. மணிக்கூடும் இல்லை, வேறு கருவியும் இல்லை. "பிறத்தியாற்றை வீட்டை நினைச்சால் எனக்கு எப்பிடியும் எரியும். உள்ளை எரியிறதையும் வெளியிலை எரியிறதையும் சேத்துப் பாத்தால் கணக்குப் பிழைக்காது" என்பார்.

வயது இருபத்தெட்டுத்தான். புருவத்தில் எப்போதும் மாவும் மீசையில் சாம்பலும் இருப்பதால் நாற்பது மதிக்கலாம். அச்சுவேலிச் சந்தைக்குப் பின்புறம் அவருடைய போறணை இருக்கிறது. அதிகாலையில் பாண், பின்னேரம் இனிப்புப் பணிஸ். புகையிலைத் தோட்டக்காரரின் மகன் பாண் போடப் போனது ஏன் என்று கேட்டால், "தோட்டத்திலை நிண்டால் பக்கத்துத் தோட்டம் தெரியுமெல்லோ. அது என்ரையிலும் பாக்கச் செழிப்பாயிருக்கும். இஞ்சை சுவர்தான் தெரியும்" என்று பதில் வரும்.

எரிச்சல் இல்லாத மனிதர் யார், சொல்லுங்கள் பார்ப்போம்? நாமெல்லாம் அதை மடியில் முடிந்து ஒளித்துவைத்திருக்கிறோம். பஞ்சலிங்கம் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு திரிகிறார். யாராவது புதுச் சைக்கிள் வாங்கினால் நேரே போய், மணியை இரண்டுதரம் அடித்துப் பார்த்து, "வடிவான சைக்கிள். எனக்குச் சரியான எரிச்சல்" என்று சொல்லிவிட்டு வருவார். ஒருவரும் கோபிப்பதில்லை. சந்தையில் மாடு வாங்குகிறவர்கள் அவரைக் கூப்பிட்டுக் காட்டுவதும் உண்டு. பஞ்சலிங்கத்துக்கு எரிந்தால் அது நல்ல மாடு.

ஆனால் ஒரு வீட்டின் பெயரை மட்டும் அவர் போறணை வாயில் சொல்வதில்லை. ஓடு போட்ட வீடுதான், நியாயப்படி முதலாவதாக வரவேண்டிய வீடு. அவர் வீட்டுக்கு அடுத்த வளவு, இடையில் ஒரு தென்னோலைக் கிடுகு வேலி. கனிசியஸ் வீடு.

இருவரும் ஒரே வருசத்துப் பிள்ளைகள். ஒரே பள்ளிக்கூடம், ஒரே வாங்கில் இருப்பு. மார்கழி பிறந்துவிட்டால் மட்டும் வேறு வேறு. வாடைக்காற்று அடிக்கும், விடியற்காலையில் பனி கிணற்றடியை மூடும், எட்டு வயதுப் பஞ்சலிங்கம் தாயின் பழஞ்சேலையைப் போர்த்திக்கொண்டு நாய் போய்வருகிற வேலிப் பொட்டுக்குள் தலையை விட்டு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பான். அங்கே வைக்கோலும் களிமண்ணும் வைத்துப் பாலன் குடில் கட்டுவார்கள். கலர்த்தாள் ஒட்டிய நட்சத்திரக் கூடு மாமரத்தில் ஏறும். கனிசியஸுக்குப் புதுச்சட்டை, சீனவெடி, காற்றடைத்த பலூன். எல்லாவற்றுக்கும் மேலாகக் கேக் மணம். இந்தப் பக்கத்தில் பிள்ளையார் கதை விரதம், இருபத்தொரு நாள், ஒருநேரச் சோறு.

நத்தார் என்கிற கிறிஸ்துமஸ் அன்று காலமை கனிசியஸின் தாய் பூவேலைத் துணி மூடிய தட்டை வேலிக்கு மேலால் நீட்டுவார். பஞ்சலிங்கத்தின் தாய் இரண்டு கையாலும் வாங்கி, வாய் நிறையச் சிரித்து, அதே கையோடு கொண்டுபோய் வேலி அடைக்க வந்தவர்களுக்குக் கொடுத்துவிடுவார். முட்டை போட்ட பண்டம் விரத வீட்டுக்குள் வரலாமா? வெறுந்தட்டுத் திருப்பக்கூடாது என்பதால் கதலிப்பழம் நாலு வைத்து அனுப்புவார். வருசாவருசம் கேக் வந்தது. வருசாவருசம் பஞ்சலிங்கம் அடுத்தவன் தின்னப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒருமுறை பொட்டின் மறுபுறத்தில் கனிசியஸ் குந்தியிருந்து, வாய் நிறையக் கேக்கோடு, "உங்களுக்கு நத்தார் இல்லையோடா? ஐயோ, பாவம்" என்றான். கேலி இல்லை. உண்மையாகவே இரங்கினான். கேலி என்றால் கல்லெடுத்து எறிந்திருக்கலாம். அந்தப் "பாவம்" இருபது வருசமாகப் பஞ்சலிங்கத்துக்குச் செரிக்கவில்லை.

கனிசியஸ் இப்போது கொழும்பில் கிளாக்கர். நத்தாருக்கு ரயிலில் வந்திறங்கி, சப்பாத்துக் காலோடு ஒழுங்கையால் நடந்து வருவார். "எடேய் பஞ்சு! எப்பிடியடா மச்சான்?" என்று நாலு வீட்டுக்குக் கேட்கக் கூப்பிடுவார். அவர் வருகிற நாளில் பஞ்சலிங்கத்தின் பாண் கொஞ்சம் கருகியிருக்கும். ஊரவர்களுக்குத் தெரியும், பேசாமல் வாங்கிக்கொண்டு போவார்கள்.

இதிலே விதியின் விளையாட்டைப் பாருங்கள். அச்சுவேலியில் எந்த வீட்டிலும் கேக் சுடுகிற போறணை இல்லை. நத்தாருக்கு முந்தின நாள் வேதக்காரக் கிறிஸ்தவ வீட்டுப் பெண்கள் எல்லோரும் கேக்கைக் கலந்து, தகரத் தட்டில் ஊற்றி, வாழையிலையால் மூடிக்கொண்டு பஞ்சலிங்கத்திடந்தான் வரவேண்டும். முப்பது தட்டு வரும். எல்லாம் சந்தைத் தகரக்காரர் ஒருவரே மண்ணெண்ணெய்த் தகரத்தில் வெட்டிய தட்டுகள், ஒன்றுக்கொன்று அச்சொட்டு. பஞ்சலிங்கம் விளிம்பில் சுண்ணாம்பால் குறி போடுவார். ஒரு கோடு இன்ன வீடு, இரண்டு புள்ளி இன்ன வீடு. அந்தக் குறிகள் அவருக்கு மட்டுந்தான் விளங்கும். விரதகாரர் கையால் முப்பது வீட்டு நத்தாரும் வெந்து வெளியே வரும். அவருடைய வாய்க்குப் பச்சைத்தண்ணீர்.

போன நத்தாருக்கு, அதாவது நாற்பதாம் ஆண்டு மார்கழியில், மகள் நாகேஸ்வரி போறணையடிக்கு வந்திருந்தாள். ஆறு வயது. அடுக்கியிருந்த தட்டுகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். பிறகு கேட்டாள்:

"ஐயா, இதிலை எங்கடை தட்டு எது?"

"எங்களுக்கு இல்லை மோனை."

"ஏன்? போறணை எங்கடையெல்லோ?"

பஞ்சலிங்கம் தகரக்காரரிடம் போய் ஒரு தட்டு வாங்கிவந்தார்.

ரவை, மா, சீனி, நெய் எல்லாம் கடையில் இருந்தன. எந்த வீட்டில் என்ன போடுகிறார்கள் என்பது மணத்திலேயே அவருக்குத் தெரியும். ஆனால் விரதம் பிடித்த கையால் முட்டை உடைக்க மனம் வரவில்லை, அதை விட்டார். அதுவாவது போகட்டும். மாவைக் கண்டால் பாண்காரன் கை சும்மா இருக்குமா? கேக்குக்கு மெல்லக் கலக்கவேண்டிய மாவை இரண்டு முட்டியாலும் குத்திப் பிசைந்தார். தூக்கி அடித்தார். புரட்டி மறுபடியும் அடித்தார். "நல்லாப் பொங்கும் பார் பிள்ளை" என்று மகளுக்கு வாக்கும் கொடுத்தார்.

முப்பத்தொரு தட்டும் வெளியே வந்தன. முப்பது பொன்னிறமாக எழும்பி நின்றன. முப்பத்தோராவது போனபடியே வந்தது. விரலால் தட்டினார், கதவைத் தட்டியதுபோல் சத்தம் கேட்டது. நாகேஸ்வரி தகப்பனின் முகத்தைப் பார்த்தாள். அழவில்லை, "பறவாயில்லை ஐயா" என்றாள். அழுதிருந்தால் நல்லதாயிருந்திருக்கும்.

பக்கத்தில் மூன்று புள்ளிக் குறியோடு கனிசியஸ் வீட்டுத் தட்டு இருந்தது. எழும்பி, நடு வெடித்து, நெய் மின்னிக்கொண்டு. பஞ்சலிங்கம் மகளைத் தண்ணீர் அள்ளிவரக் கிணற்றடிக்கு அனுப்பினார். ஈரத்துணியால் மூன்று புள்ளியையும் துடைத்தார். தம்முடைய தட்டின் விளிம்பில் மூன்று புள்ளி வைத்தார். அதன்மேல் புது வாழையிலையை மூடிக் கட்டினார். அவ்வளவுதான் வேலை.

கனிசியஸின் மனைவி அற்புதராணி வந்து, "பாரமாயிருக்குது பஞ்சண்ணை. இந்தமுறை நல்லா வந்திருக்குப் போல" என்று சந்தோசமாக வாங்கிக்கொண்டு போனார். நாகேஸ்வரி தண்ணீரோடு திரும்பி வந்தபோது, "இஞ்சை பார், ஆற விட எங்கடை தட்டும் பொங்கிப்போச்சு" என்றார். அவள் நம்பினாள். போறணை வாசலில் குந்தியிருந்து இரண்டு துண்டு தின்றாள். தின்றபோது கண்ணை மூடிக்கொண்டாள். தான் கண்ணால் மட்டும் தின்ற கேக்கை மகள் வாயால் தின்பதைப் பார்த்துப் பஞ்சலிங்கத்துக்கு அப்போதும் கொஞ்சம் எரிந்ததாம். அவர்தான் பிறகு சொன்னார். மிச்சத்தைச் சைக்கிள் பாண்பெட்டிக்குள் வைத்து, "நாளைக்கும் உனக்குத்தான்" என்றார்.

மறுநாள் நத்தார். காலமை வேலியடியில் கனிசியஸின் குரல் கேட்டது. பூவேலைத் துணி மூடிய தட்டை நீட்டிக்கொண்டு நின்றார்.

"எடேய் பஞ்சு, இந்தமுறை கேக் இல்லையடா. கொழும்பு விசுக்கோத்துத்தான். எங்கடை கேக் கல்லு! கத்தி முறிஞ்சு போச்சு, தெரியுமே?"

முதலில் பஞ்சலிங்கத்துக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், வயிறு குளிர்ந்துபோயிற்று. பிறந்த நாள் முதல் குறைவு தெரியாதவனின் வீட்டில் ஒன்று குறைந்துவிட்டது. ஆனால் கனிசியஸ் சிரித்துக்கொண்டிருந்தார். "கேக் போனால் என்ன, நத்தார் போகுமோ?" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். இந்த மனிதனிடமிருந்து எதைப் பறித்தாலும் பறிகொடுத்ததாக நினைக்கமாட்டான்! பஞ்சலிங்கத்தின் குளிர்ச்சி அந்த நிமிடமே போய்விட்டது.

குசினிப் பக்கமிருந்து கனிசியஸின் தாயின் குரல் வந்தது. "ஒரு நத்தாருக்குக் கேக் போடத் தெரியாத கை! கோயிலாலை ஆக்கள் வரப்போகினம், எதை வைக்கிறது?" சற்று நேரத்தில் அற்புதராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலியடிக்கு வந்தார்.

"பஞ்சண்ணை, நீங்கள் ஒண்டும் நினையாதேங்கோ. உங்கடை போறணையிலை பிழையில்லை எண்டு மாமியிட்டை சொல்லிப்போட்டன். உங்கடை சூடு எப்பவும் சரி. என்ரை கைதான் பிழைச்சுப்போச்சு."

பஞ்சலிங்கம் விசுக்கோத்துத் தட்டோடு உள்ளே வந்தார். மனைவி கனகாம்பிகை விசுக்கோத்தைத் தகரப்பேணியில் கொட்டிவிட்டு, "இஞ்சருங்கோ, வெறுந்தட்டுத் திருப்பக்கூடாது. நாலு கதலிப்பழம் வைச்சுக் குடுங்கோ. கனிசியஸ் காத்துக்கொண்டு நிக்கிறார்" என்றார்.

கதலிப்பழம் வைத்தால் எல்லாம் அதோடு முடிந்தது. ஒரு குருவிக்கும் தெரியப்போவதில்லை. பாண்பெட்டியிலிருக்கும் கேக்கை வைத்தால், தன் கையால் கலந்ததை அற்புதராணி அறியமாட்டாரா? அறிந்தால், நாளை அச்சுவேலியில் எந்தப் பெண் இவரை நம்பித் தட்டுக் கொண்டுவருவாள்? பஞ்சலிங்கம் பழக்குலையில் கை வைத்து எடுத்தார். பிறகு முற்றத்துக்குப் போய்ப் பாண்பெட்டியைத் திறந்தார். இருந்த துண்டுகளையெல்லாம் எடுத்துத் தட்டில் அடுக்கினார்.

நாகேஸ்வரி ஓடிவந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஐயா, அது எங்கடையெல்லோ?"

அவர் துணியால் தட்டை மூடினார்.

"நாளைக்கும் எனக்குத்தான் எண்டு சொன்னனீங்கள்!"

"சொன்னனான் மோனை."

பிள்ளை பாண்பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழ, அவர் வேலியடிக்குப் போய்த் தட்டை மேலால் நீட்டினார்.

கனிசியஸ் மறுபக்க விளிம்பைப் பிடித்தார். "என்னடாப்பா, பழக்குலையையே வைச்சிட்டியோ?" என்று சிரித்துக்கொண்டே இழுத்தார். தட்டு வரவில்லை. இன்னொருதரம் இழுத்தார்.

"விடடா மச்சான்" என்றார்.

பஞ்சலிங்கம் மற்றக் கையையும் கொண்டுவந்து விளிம்பை இறுக்கிப் பிடித்தார்.